ஒத்துக்கொண்ட பின் ஓர் அப்பீல்

வக்கீல் தொழிலில் பொய் சொல்லும் கட்சிக்காரரைக்கூடச் சமாளித்துவிடலாம், அவசரக்காரரைத்தான் முடியாது. பெரம்பலூர் வெயிலில் கறுப்புக் கோட்டுக்குள் வேகும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்த்திருப்பார்.

வெட்டு உத்தரவு

எறையூர் ராமசாமி கரும்பு விவசாயி. வண்டிப்பாதைத் தகராறில் தன் சித்தப்பாவைப் பின்னாலிருந்து கட்டையால் அடித்தார் என்று வழக்கு. உண்மையில் அன்றைக்கு அவர் வரதராஜன்பேட்டையில், மச்சான் மகள் காதுகுத்தில் இருந்தார். ஜெயித்துவிடலாம் என்று நானும் தெம்பாக இருந்தேன்.

கோர்ட்டில் குற்றச்சாட்டைப் படிக்கும் நாளன்றா ஆலையிலிருந்து கரும்பு வெட்ட உத்தரவு வரவேண்டும்? "ஒத்துக்கிட்டா அபராதத்தோட விட்டுடுவாங்க" என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் பக்கத்து கோர்ட்டில் இருந்த நேரம், மனுஷன் கூண்டில் ஏறி ஒத்துக்கொண்டுவிட்டார். யோசித்துச் சொல்லும்படி நீதிபதி சொல்லியும் கேட்கவில்லை. மூன்று மாதம் சிறை. ஓடி வந்து, அப்பீல் முடியும்வரை ஜாமீன் வாங்கிவிட்டு, ஏனய்யா இப்படிச் செய்தீர் என்று கத்தினேன்.

"வெட்டு ஆளுங்க வயல்ல நிக்கிறாங்க சார், சீக்கிரம் முடியட்டும்னுதான் சொன்னேன்."

வேன் நிறைய சாட்சி

அப்பீலுக்கு ஒரு வேன் நிறைய உறவுக்காரர்களோடும் காதுகுத்து ஆல்பத்தோடும் வந்து இறங்கினார். ஜெயிலைவிட, சித்தப்பாவை அடித்தவன் என்ற பெயர்தான் அவரை அரித்தது. குற்றத்தை ஒத்துக்கொண்டவர் அப்பீலில் 'நான் செய்யவில்லை' என்று சொல்ல முடியாது, தண்டனை அதிகம் அல்லது சட்டப்படி சரியில்லை என்று மட்டும்தான் பேசலாம் என்று விளக்கினேன். ஆல்பத்தை மூடிவிட்டுக் கேட்டார்:

"அடிக்காதவன் அடிக்கலன்னு சொல்ல எடமில்லன்னா, அப்புறம் யாருக்குங்க சார் கோர்ட்டு?"

கோர்ட் கலையும் வரை

செய்யாத குற்றத்துக்காக என் கட்சிக்காரர் மனம் வருந்துவதாக உருக்கமாக வாதாடினேன். மூன்று மாதச் சிறை, கோர்ட் கலையும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும் தண்டனையாகக் குறைந்தது. சாயங்காலம் வெளியே வந்தால், வாசலில் சித்தப்பா நிற்கிறார். "சத்தியமா நான் அடிக்கல சித்தப்பா" என்று ராமசாமி அழுதேவிட்டார். பெரியவர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, என்னிடம்தான் பேசினார்.

"பின்னால வுழுந்த அடி, இவன்தானான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சுங்க வக்கீலய்யா. வாபஸ் வாங்கிடலாம்னுகூட இருந்தேன். அவனே ஒத்துக்கிட்டான், அப்புறம் எனக்கென்ன சந்தேகம்?"

தண்டனையைக் குறைத்துக் கட்சிக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், அவரைச் சித்தப்பா வீட்டுக்குள் அனுப்ப எந்த கோர்ட்டில் மனுப் போடுவது என்று தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.