நைனா கொண்டுவந்த ஐஸ்

ரப்பர் தேய்க்கும் வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரலாம். எனக்கு, அண்ணனின் மடியில் திறந்து கிடந்த கம்ப்யூட்டர்தான் நினைவுக்கு வரும். என் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து, ரேம் என்கிற மெமரி அட்டையின் தங்கநிற விளிம்பை அவன் தேய்த்துத் தேய்த்துத் துடைப்பான்; ராயபுரத்து மே மாதத்தின் உப்புக்காற்றும், வேலை முடிந்து வாசலில் கால் கழுவும் நைனாவின் மேல் வீசும் மீனும் ஐஸும் கலந்த ஈரவாடையும் அந்த வாசனையோடு சேர்ந்தே வீட்டுக்குள் வரும்.

அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். காசிமேட்டில், கடலுக்குக் கிளம்பும் படகுகளில் ஐஸ் ஏற்றுவது அவருடைய வேலை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட அண்ணன் பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடை ஒன்றில் இருந்தான். எங்கள் வீட்டில் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான் என்பதை இன்றும் கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நான் ஆறாவது படித்த அந்தக் கோடையில் எங்கள் வீட்டின் பெருமை அண்ணன்தான். கடையில் கழித்துப் போட்டவற்றைப் பொறுக்கிச் சேர்த்து, சிமெண்ட் ஷீட் போட்ட எங்கள் ஒற்றை அறையில் ஒரு கம்ப்யூட்டரையே எழுப்பியிருந்தான்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து அவன் கடைக்கு வந்துபோகும் பாய் ஒருவர், கேம் சென்டர் திறக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய பிராசஸரையே வேகம் கூட்டி, புதிய கேமை நிற்காமல் ஓட்டிக் காட்ட முடியும் என்று அண்ணன் அவரிடம் சொல்லியிருக்கிறான். “ஓட்டிக் காட்டு தம்பி, சென்டர்ல எல்லா மிஷினும் நீதான் போடுற, நீதான் பாத்துக்குற” என்று அவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகப் பேச்சு. தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூ கழற்றும் பையனாகவே கிடக்காமல், ஒரு சென்டரையே நடத்தும் ஆளாக அவன் மாறுவதற்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

வேகத்தைக் கூட்டக் கூட்ட கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்தது. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும், சட்டென்று அடங்கி, தானே மறுபடியும் சுற்றத் தொடங்கும். அண்ணன் போர்டிலிருந்து காசு போன்ற சின்ன பேட்டரியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பான். “கெட்டியா புடி பாப்பா, அது இல்லேன்னா இவன் எல்லாத்தையும் மறந்துடுவான்” என்பான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப மாட்டினால் கம்ப்யூட்டர் பழைய வேகத்துக்கே திரும்பிப்போய், ‘பீப்’ என்று ஒரு சின்னக் குரல் கொடுத்து எழும். அங்கிருந்து வேகத்தை மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவான். ஒரு ரேமைக் கழற்றி இன்னொன்றை மாட்டிப் பார்ப்பான், பிராசஸருக்குச் சூடு கடத்தும் பசையை மாற்றுவான், வோல்டேஜைக் கூட்டிக் குறைப்பான். “இன்னாடா, ஒன் பொட்டி இன்னிக்காவது மூச்சு உட்டுச்சா?” என்று அம்மா அடுப்படியிலிருந்து சீண்டுவாள். நைனா அதைக்கூடக் கேட்கமாட்டார். ‘பீப்’ சத்தம் வரும்வரை லுங்கியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்துவிட்டு, வந்ததும், வலையில் ஏதோ நல்ல மீன் விழுந்ததுபோலச் சிரிப்பார்.

கடைசியில் அண்ணன் கண்டுபிடித்துவிட்டான். விடியற்காலையில் எழும் கம்ப்யூட்டர், ஷீட்டில் வெயில் ஏறிய பிறகு எழுவதில்லை. “சூடுதான் நைனா பேஜாரு பண்ணுது. கொஞ்சம் ஜில்லுனு இருந்தா போதும், பூந்து வெளயாடும்” என்று சனிக்கிழமை சாப்பிடும்போது சொன்னான்.  நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே கம்ப்யூட்டரின் கேபினட்டைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் அண்ணன் பாயை அழைத்துவர பஸ் ஸ்டாப்புக்குப் போயிருந்தபோது, நைனா தோளில் சாக்குமூட்டையோடு வந்தார். உள்ளே தூள் ஐஸ். மீன்மேல் கொட்டுகிற ஐஸ் இல்லை, மெஷினிலிருந்து நேராகப் பிடித்த சுத்தமான ஐஸ் என்று அம்மாவிடம் சொன்னார். அதைப் பிளாஸ்டிக் கவர்களில் அள்ளி, கவருக்குமேல் கவர் போட்டு முடிச்சிட்டு, ஒவ்வொன்றையும் தன் துண்டால் துடைத்தார்.

“தண்ணி உள்ள பூட்டா இன்னா பண்றது?” என்றாள் அம்மா.

“நடுக்கடல்லயே ஒழுவாத முடிச்சுமே இது. ஒரு சொட்டு வராது.”

பக்கவாட்டுத் தகடு கழற்றியே கிடந்த கேபினட்டுக்குள், தொட்டில் குழந்தைக்குத் தலையணை வைப்பதுபோல அந்தக் கவர்களைச் சுற்றிலும் அடுக்கினார். அதற்குள் கையை நீட்டினால் ஜில்லென்றிருந்தது. நைனாவின் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை.

அண்ணன் பாயோடு உள்ளே நுழைந்தான். உட்கார வைத்த வேகத்திலேயே, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, பட்டனை அழுத்தினான். ‘பீப்’ என்றது. நைனா சிரித்தார். அடுத்த கணம் ‘சட்’டென்று ஒரு சத்தம், கருகிய வாடை, ஃபேன் நின்றுவிட்டது. குனிந்து பார்த்த அண்ணனின் கண்ணில் அப்போதுதான் ஐஸ் பட்டது. போர்டு முழுக்க வியர்வைபோலத் துளித்துளியாகத் தண்ணீர்.

“இன்னா நைனா பண்ணி வெச்சிக்கிறே? மீனா இது, ஐஸ்ல வெக்க? ஒனுக்கு ஐஸத் தவுர இன்னா தெரியும்?”

பாய் எழுந்தார். “அப்பாவ அப்டி பேசாத தம்பி. இன்னொரு நாள் பாத்துக்கலாம்” என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த இன்னொரு நாள் வரவில்லை. நைனா கவர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனார். முடிச்சுகளை அவிழ்த்து அவர் ஐஸைக் கொட்டுவதை நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒரு கவர்கூட ஒழுகியிருக்கவில்லை.

குளிர்ந்த டம்ளரின் மேல் காற்றில் இருக்கும் ஈரமே தண்ணீராகப் படியும் என்று அந்த வருடம் அறிவியல் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து அண்ணனிடம், முடிச்சு ஒழுகவில்லை, அது கடல்காற்றின் தண்ணீர் என்றேன். “தெரியும் பாப்பா” என்றான். அன்றைக்கே தெரியும் என்றான். ஆனால் அதை அவன் நைனாவிடம் போய்ச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் எண்ணூர்ப் பக்கம் கண்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இருவரும் பேசிக்கொள்ளாமல் இல்லை. கறி, கரண்ட் பில், கல்யாணம் எல்லாம் பேசுவார்கள். கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள். கல்லூரியில் எனக்கு லேப்டாப் கொடுத்தபோது, நைனா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தார். கிட்டே வா என்று இழுத்தேன். “வாணாம்மா, நான் தொடல” என்றார்.

போன மழைக்காலத்தில் நைனா போய்விட்டார். ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர்கள் ப்ளக் எங்கே என்று கேட்டார்கள். அறையில் ஒன்றுதான் இருந்தது, அண்ணன் கம்ப்யூட்டருக்காகப் போட்டது. அவனே வயரை வாங்கிச் சொருகினான். பெட்டி உறுமி ஓடத் தொடங்கியது. ஜனம் சேரச் சேர, வெளியே இருந்த மழையீரம் எல்லாம் கண்ணாடியின்மேல் துளித்துளியாகப் படிந்து நைனாவின் முகத்தை மறைத்தது. அண்ணன், நைனாவின் துண்டாலேயே அதைத் துடைத்தான். மறுபடி படிந்தது, மறுபடி துடைத்தான். “உடுடா, வந்து குந்து” என்று பெரியவர்கள் கூப்பிட்டதற்கு, “தண்ணி நிக்குது, நைனா மூஞ்சி தெரில” என்றான். தூக்குகிற நேரம்வரை அவன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

இப்போது என் ஆபீசில் எல்லா மெஷின்களும் ஏசி அறையில், விரலில் ஒரு துளி ஈரம்கூடப் படாத குளிரில் ஓடுகின்றன. எதுவும் ‘பீப்’ என்று குரல் கொடுப்பதில்லை. காசிமேட்டு ஐஸ் வண்டிகள் இன்றும் எங்கள் தெரு வழியாகத்தான் போகின்றன. அவை சொட்டிக்கொண்டே போகிற ஈரக்கோடு முன்பெல்லாம் எங்கள் வாசல்வரைக்கும் திரும்பி வரும், நைனாவின் கால்தடத்தோடு. இப்போது அது நேராகத் துறைமுகத்துக்குப் போய்விடுகிறது.