ஜாமீன்தாரருக்குப் படித்துக் காட்டுவது

1. கடைசி ஷரத்து

எண்பதுகளின் நடுவில், தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் என்னை ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் போட்டார்கள். செக்‌ஷன் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேஜை, ஒரு பீரோ, நான். அவ்வளவுதான்.

இன்றைய பிள்ளைகள் பேங்கில் எஜுகேஷன் லோன் வாங்குகிறார்கள். அப்போது ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே வட்டியில்லாமல் கடன் கொடுத்தது. லோன் ஸ்காலர்ஷிப் என்று பெயர். வேலைக்குப் போன பிறகு தவணையாகக் கட்டலாம். அதற்கு முத்திரைத்தாளில் ஒரு பாண்டு உண்டு. அப்பா ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். பாண்டு முழுக்க இங்கிலீஷ். ஜாமீன்தாரருக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டால் நான் ஒவ்வொரு ஷரத்தையும் தமிழில் சொல்லி, ‘படித்துக் காட்டினேன்’ என்று அடியில் கையெழுத்திட வேண்டும்.

என்னிடம் வந்த முதல் ஜாமீன்தாரர் ஏகாம்பரம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சைக்கிள் சாமான் விற்பவர். மகள் குப்பம்மாள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் சேர்ந்திருந்தாள். முதல் டேர்ம் ஃபீஸை எப்படியோ புரட்டிக் கட்டிவிட்டார்கள். லோன் வராவிட்டால் அடுத்த டேர்ம் கிடையாது. சானடோரியம் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கெமிஸ்ட்ரி லேபில் ‘குப்பம்மாள்’ என்று அட்டெண்டன்ஸ் எடுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வேறு.

புது உத்தியோகம், புது உற்சாகம். கணீரென்று படித்தேன். கடைசி ஷரத்து இப்படிப் போகும்: “மேற்படி குப்பம்மாள் கடன் தீருமுன் இறந்துவிட்டால், மீதிக் கடன் தள்ளுபடி செய்யப்படும்.”

ஏகாம்பரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இன்னாமா சொன்னே?”

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை படித்தேன். விளக்கமும் கொடுத்தேன். “இது உங்களுக்கு நல்லதுதாங்க. அப்படி ஏதாவது ஆயிட்டா நீங்க ஒரு பைசா கட்ட வேணாம்.”

“அவ பூட்டா எனுக்கு லாபம்ன்றே.”

“அப்பா, அது சும்மா சட்டத்துக்காக எழுதறதுப்பா” என்றாள் குப்பம்மாள்.

“வூட்லேர்ந்து நல்லபடியா கூட்டிகினு வந்த பொண்ண எதிர்ல ஒக்கார வெச்சிகினு, பேரச் சொல்லி ரெண்டு வாட்டி சொல்லிட்டாங்க. எழுந்துரு.”

போய்விட்டார்கள். சூப்பரின்டெண்டன்ட் தன் சீட்டிலிருந்தே சொன்னார்: “எல்லாத்தையும் கொட்டணுமா விசாலம்? அந்த ஷரத்த இங்க யாரும் படிக்கறதில்ல. முழுங்கிட்டுப் போயிடணும்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “படிக்காததைப் படிச்சேன்னு கையெழுத்துப் போடச் சொல்றீங்களா சார்?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

2. லேப் கோட்

மறுநாள் குப்பம்மாள் தனியாக வந்தாள்.

“அப்பா ராத்திரி சாப்பிடல மேடம். எனக்கு முன்னாடி பொறந்தது மூணும் தங்கல. அதனாலதான் நான் பொறந்ததும் குப்பையில போட்டு எடுத்து இந்தப் பேர வெச்சாங்க. குப்பைன்னு நெனச்சு எமன் விட்டுடுவானாம்.”

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் அந்த மனிதர் ஒரு பெயருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பெண்ணை, நான் உரக்கக் கூப்பிட்டுக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

“நான் எக்ஸ்போர்ட்டுக்கே போறேன் மேடம். பரவால்ல” என்றாள். கதவு வரை போய்த் திரும்பினாள். “லேப் கோட்தான் தைக்கக் குடுத்துட்டேன். டெய்லர் துணிய வெட்டிட்டாராம்.”

சொல்லும்போது அவள் அழவில்லை. அவள் போன பிறகு நான்தான் அழுதேன்.

3. சந்தையில்

பாண்டு அனுப்பக் கடைசி நாள் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். பாண்டை ஆபீஸை விட்டு வெளியே எடுத்துப் போகக் கூடாது. கைப்பையில் வைத்துக்கொண்டு பல்லாவரத்துக்கு ரயில் ஏறினேன்.

ஏகாம்பரம் செயினும் பெடலுமாகப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு சாக்கை உதறிப் போட்டார். உட்கார்ந்தேன்.

“அந்த வரிய அடிச்சிட்டுக் குடு. போட்டுர்றேன்.”

“அச்சடிச்சதுங்க. அடிச்சா பாண்டு செல்லாது.”

“அப்ப, இன்னா ஆனாலும் நானே கட்றேன்னு எழுதிக்கோ. எனுக்குத் தள்ளுபடி வேணாம்.”

அதையும் எழுத முடியாது என்றேன். யாரோ ஒருவர் வந்து பெடலுக்குப் பேரம் பேசினார். ஏகாம்பரம் அவர் கேட்ட விலைக்கே கொடுத்து அனுப்பிவிட்டு, கையில் கிடந்த செயினை உருட்டிக்கொண்டே சொன்னார்:

“பேப்பர்ல இருந்தா இருந்துட்டுப் போவட்டும்மா. எனுக்கு இங்கிலீஸ் படிக்கத் தெரியாது. நீ வாயால சொன்னே பாரு, அதான் காதுலயே கீது.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாயால் வந்ததை வாயால்தான் தீர்க்க வேண்டும்.

“உங்க பொண்ணு நல்லா படிச்சு, வேலைக்குப் போயி, கடனெல்லாம் கட்டி முடிச்சு, நூறு வயசு இருப்பா” என்றேன்.

“கடன அப்பால சொல்லலாம். மொதல்ல நூறச் சொல்லு.”

“உங்க பொண்ணு குப்பம்மா நூறு வயசு நல்லா இருப்பா.”

“இன்னொரு வாட்டி.”

கெட்டதை இரண்டு தடவை சொன்னவள்தானே நான். இன்னொரு தடவையும் சொன்னேன். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி ஏகாம்பரம் என்று போட்டார். ஓரத்தில் கிரீஸ் பட்டுவிட்டது. பாண்டு அதோடுதான் போனது, லோனும் வந்தது. குப்பம்மாள் மூன்று வருஷமும் அந்த லேப் கோட்டைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

4. இங்கிலீஷ் தெரிந்தவர்

அதற்குப் பிறகும் நான் அந்த ஷரத்தை விழுங்கியதில்லை. படித்து முடித்ததும் பிள்ளையின் பெயரைச் சொல்லி, நூறு வயசு நல்லா இருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை நீட்டுவேன். ரூலில் இல்லைதான். கூடாது என்றும் ரூலில் இல்லை.

சில வருஷம் கழித்து ஒருவர் வந்தார். மிலிட்டரியில் கிளார்க்காக இருந்து ரிட்டையரானவர். பாண்டைத் தானே படித்தார். கடைசி ஷரத்தில் கொஞ்சம் நின்றார். மளமளவென்று கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

“முடிஞ்சுது சார். நீங்க போகலாம்.”

“எனக்கு முன்னாடி வந்தவருக்குக் கடைசியில ஏதோ சொன்னீங்களே மேடம்” என்றார் தணிந்த குரலில். “நான் இங்கிலீஷ் தெரிஞ்சவன்னு எனக்குக் கிடையாதா?”

அவர் பையனின் பெயரைப் பாண்டில் பார்த்துச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். படித்தவர்களுக்குப் பயம் இருக்காது என்று அதுவரை நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவர்களையும் விட்டதில்லை.