கண்டக்டரின் ரிமோட் கார்

ஆலங்குடியில் கடலை காயப்போடும் களத்தில்தான் அவரைப் பார்த்தேன். பஸ் கண்டக்டர். ஒல்லியான ஆள், காக்கிச் சட்டை, காதிடுக்கில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு திருப்புளி. ரிமோட் காரைக் கிளப்பும் முன் ஒவ்வொரு தடவையும் தணிந்த குரலில் "ரைட், ரைட்" என்பார்.

அந்தக் காரை உதிரி பாகங்களாக, கிட்டாக வாங்கி அவரே பூட்டியிருந்தார். நாற்பது வயதில் எனக்கும் அந்த ஆசை வந்திருந்தது. கிட் வாங்கவா, பெட்டியிலிருந்து எடுத்ததும் ஓடுகிற ரெடிமேட் கார் வாங்கவா என்று கேட்டேன்.

"ரெடிமேடே வாங்குங்க சார்."

"நீங்க மட்டும் கிட் வாங்கியிருக்கீங்க?"

"இது ரெண்டாவதுங்க. மொத வண்டி ரெடிமேடுதான். தென்னை மரத்துல மோதி ஒடஞ்சுச்சு. பிரிச்சுப் பாத்தப்பத்தான் உள்ள என்ன இருக்குன்னே தெரிஞ்சுச்சு. ஒங்களுக்கும் ஒடையட்டும், அப்பறம் கிட்டுக்கு வாங்க."

ரெடிமேட்தான் வாங்கினேன். மாதக்கணக்காகக் கீறல்கூட விழாமல் ஓடுகிறது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் களத்தோரத் தென்னையைப் பார்த்து வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மெதுவாக "ரைட், ரைட்" என்றேன்.