மூன்றாம் வகுப்பு விசில்

கல்கத்தா மைதானத்தில் கால்பந்து நடுவராவதற்கு எனக்கிருந்த ஒரே தகுதி, அந்த ஊரில் நான் யாருக்கும் வேண்டியவனல்ல என்பதுதான்.

வங்காளி விசில் ஊதினால் வெள்ளைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வெள்ளைக்காரர் ஊதினால் வங்காளிகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வெகு காலம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆட்டம் பார்க்க வரும் கூட்டம் பெருகி, மண்ணாங்கட்டிகள் பறக்கத் தொடங்கிய பிறகே பொருட்படுத்த வேண்டி வந்தது. டல்ஹௌசி சதுக்கத்தை ஒட்டிய ஒரு சணல் கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். என் பகுதிக்குத் தலைவரான துரை, நடுவர்களைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியிலும் இருந்தார். சென்னையில் காலேஜில் படித்த காலத்தில் நான் பந்து உதைத்தவன் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "உமக்கு இந்த ஊரில் சொந்தக்காரர்கள் உண்டா?" என்று கேட்டார்.

"மனைவி மட்டும்தான், சார்."

"அவள் பந்தாட்டம் பார்ப்பாளா?"

"மாட்டாள், சார்."

"அப்படியானால் நீர் நடுநிலையானவர்" என்று முடித்துவிட்டார்.

பவானிபூர் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். என் மனைவிக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். கல்கத்தா வந்து வருஷங்கள் ஆகியும் அவள் பேச்சில் காவிரித் தண்ணீர்தான் ஓடியது.

"ஏன்னா, இதுக்குத் தனியா ஏதாவது தருவாளா?"

"ஒண்ணும் கிடையாது. கௌரவம்."

"கௌரவத்துக்கு வேஷ்டி கட்டிண்டு ஓடணுமா, நிஜார் போட்டுண்டா?"

"நிஜார்தான்."

அவள் என் கணுக்கால்களை ஒரு பார்வை பார்த்தாள்.

நடுவர்களில் ரயில் பெட்டிகளைப் போல மூன்று வகுப்புகள் இருந்தன. மூன்றாம் வகுப்புக்காரர் பள்ளிக்கூடப் பையன்களுக்கும் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கும் ஊதலாம். இரண்டாம் வகுப்புக்காரருக்குச் சங்கங்களின் ஆட்டங்கள். முதல் வகுப்புக்காரருக்குத்தான் கேடயத்தைப் பரிசாக வைத்து நடக்கும் பெரிய போட்டியான கேடய ஆட்டங்கள். கோட்டின் மார்பில் குத்திக்கொள்ள ஒரு வெள்ளிச் சின்னமும் உண்டு. ரயிலில் காசு கொடுத்தால் மேல் வகுப்புக்குப் போய்விடலாம். இங்கே எதைக் கொடுத்தால் போகலாம் என்பதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

முதலில் பரீட்சை. மைதானத்து ஓரத்தில் ஒரு கூடாரத்துக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: என் துரை, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மேஜர், சணல் தரகு செய்யும் மிகப் பருத்த ஒரு துரை. நான் விதிப் புத்தகத்தை மந்திரம்போல் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவர்கள் விதிகளுக்கு அருகிலேயே வரவில்லை. மேஜர் என் குதிகால்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார். பருத்த துரை என் கண்பார்வையைச் சோதிக்க விரும்பி, வெளியே தூரத்தில் தெரிந்த நினைவுத் தூணைக் காட்டினார்.

"அதன் உச்சியில் என்ன இருக்கிறது?"

"ஒரு பருந்து, சார்."

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். மேஜரிடம் கேட்டார். மேஜர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இருவருக்கும் தூணே சரியாகத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. "சரியான விடை" என்றார் பருத்த துரை. நான் மூன்றாம் வகுப்பு நடுவனானேன்.

அதன் பிறகு நடுவர்களின் தரத்தைப் பார்க்கும் பொறுப்பு அந்தப் பருத்த துரையிடமே இருந்தது. ஆட்டத்தின் நடுவில் வந்து, கோட்டுக்கு வெளியே பிரம்பு நாற்காலி போட்டு உட்காருவார். ஒரு வேலைக்காரன் குடை பிடிப்பான். இன்னொருவன் கிளாஸை நிரப்புவான். ஆட்டம் முடிவதற்குள் எழுந்து போய்விடுவார். மறுநாள் அவருடைய தீர்ப்பு என் துரை வாயிலாக எனக்கு வந்து சேரும். நான் கொடுத்த முடிவுகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. என் காலுறைகள் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருந்தன என்று ஒரு தடவை. விசில் சத்தம் காதைக் குத்துகிறது என்று ஒரு தடவை. நான் போதுமான அளவு ஓடுவதில்லை என்று மூன்றாவது தடவை.

அந்த மூன்றாவது புகாரைக் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அன்று பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கக் கோல் அருகிலேயே இருந்தது. நானும் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தேன். பருத்த துரையின் கண்ணுக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை. அடுத்த ஆட்டத்தில் பந்து எங்கே இருந்தாலும் அதை விட்டுவிட்டு, நாற்காலிக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஓடினேன். குமாஸ்தாக்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டு ஆடினார்கள். "அபாரமான உழைப்பு" என்று தீர்ப்பு வந்தது. இரண்டாம் வகுப்புக்குப் போனேன்.

இரண்டாம் வகுப்பில், பூட்ஸ் போட்ட ஒரு பட்டாளத்து அணிக்கும் வெறுங்காலோடு ஆடும் ஒரு வங்காளிச் சங்கத்துக்கும் நடந்த ஆட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கோலுக்குள் போக இருந்த பந்தை ஒரு சிப்பாய் இரண்டு கைகளாலும் தட்டிவிட்டான். கோல்கீப்பரும் அல்ல அவன். நான் விசில் ஊதி, பெனால்டி இடத்தைக் காட்டினேன். பிறகு எழுந்த கூச்சல் கங்கைக்கு அக்கரையில் ஹவுராவரை கேட்டிருக்கும். வெறுங்கால்காரர்கள் கோல் போட்டு ஜெயித்தார்கள். கூட்டம் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. என் பக்கத்து வீட்டுக்காரர், கோர்ட்டில் வேலை பார்க்கும் ஒரு வங்காளி, அவரை நாங்கள் வங்காளி வழக்கப்படி தாதா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவோம், ஒரு பானை நிறையச் சந்தேஷ் மிட்டாயோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மறுநாள் என் துரை அழைத்தார்.

"உமது முடிவு சரிதான் என்று சொல்கிறார்கள்."

"நன்றி, சார்."

"அதுதான் தொல்லை. விதி தெரிந்த எவனும் சரியான முடிவு கொடுத்துவிடலாம். நடுவர் என்பவருக்கு நயம் வேண்டும்."

"அந்த ஆள் கையால் தட்டினானே, சார்?"

"தட்டினான். மைதானத்தில் எல்லாரும்தான் பார்த்தார்கள். நீர் வேறு எதற்காகப் பார்க்க வேண்டும்?"

"சரி, சார்" என்று சொல்லிவிட்டு என் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. சில நாட்களில் அதே வெறுங்கால் சங்கத்துக்கு எதிராக ஒரு ஆஃப்சைட் கொடுத்தேன். சந்தேகமே இல்லாத ஆஃப்சைட். பந்து வருவதற்கு முன்பே அந்த ஆள் கோல் வாசலில் குடித்தனம் வைத்திருந்தான். போன தடவை என்னைத் தூக்கிய தோள்கள் இந்தத் தடவை மண்ணாங்கட்டி வீசின. வீட்டுக்கு வந்தால், தாதா தம் மாடி வராந்தாவில் நின்றுகொண்டு தெருவே கேட்கும்படி, "என்ன மொஷாய், சாஹிப் எவ்வளவு கொடுத்தான்?" என்றார். மொஷாய் என்றால் ஐயா. மரியாதையை மட்டும் அவர் விடவில்லை.

என் மனைவி கோட்டிலிருந்த சேற்றைத் தட்டிக்கொண்டே, "அவர் குடுத்த சந்தேஷைத் தின்னு தீர்த்துட்டோமே. திருப்பிக் கேட்டார்னா என்னன்னா பண்றது?" என்று உண்மையாகவே கவலைப்பட்டாள்.

நான் இரண்டாம் வகுப்பிலேயே கிழவனாகிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். மழை காப்பாற்றியது. ஆவணி மாதத்து மழை. பத்தடி தள்ளி நிற்பவன் முகம் தெரியாது. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் என் விசிலுக்குள் இருந்த தக்கை உருண்டை நனைந்து உப்பி அடைத்துக்கொண்டது. எவ்வளவு ஊதினாலும் காற்றுதான் வந்தது. கையை ஆட்டினேன், கத்தினேன். இடிச் சத்தத்தில் யார் கேட்பது? ஒருவன் மேல் ஒருவன் விழுந்தார்கள், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுகூட ஒருவன் ஓடினான். இரண்டு பக்கமும் சமமாகத் தப்புச் செய்ததால் யாருக்கும் வருத்தமில்லை. பருத்த துரை கூடாரத்துக்குள்ளிருந்தே பார்த்தார்.

"முதிர்ச்சி" என்று தீர்ப்பு வந்தது. "தேவையில்லாமல் குறுக்கிடாத நடுவர். நயம் கைவந்துவிட்டது." வெள்ளிச் சின்னத்தை என் துரையே என் கோட்டில் குத்திவிட்டார். நான் முதல் வகுப்பு.

கேடய ஆட்டம் வந்தது. மனைவி கோட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மைதானத்துக்குப் போனால் விசிலைப் பட்டாளத்து சார்ஜென்ட் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, என் கையில் ஓரத்தில் நின்று காட்டும் கொடியைக் கொடுத்தார்கள்.

"என்னை முதல் வகுப்பு என்றீர்களே, சார்?" என்றேன்.

"ஆமாம்" என்றார் துரை, சற்றும் கூசாமல். "இது முதல் வகுப்புக் கொடி."

அடுத்த பருவத்தில் பருத்த துரை விடுமுறைக்குச் சீமைக்குப் போனார். சேற்றிலும் வெயிலிலும் வேறு எந்தத் துரையும் வரத் தயாராக இல்லாததால், நடுவர்களைத் தரம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் முதலில் பார்க்கப் போனவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வங்காளி. ஒல்லியான மனிதர், சிரிக்கவே தெரியாது. அவரைப்போல் ஊதியவரை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. கமிட்டியில் போய், "அவரிடம் குற்றமே இல்லை" என்றேன்.

மேஜர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "குற்றமே இல்லையென்றால் நீர் சரியாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம்." கணக்கு வாத்தியார் மூன்றாம் வகுப்பிலேயே நின்றார்.

வாத்தியாரின் இன்னோர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாவது தடவை கமிட்டிக்கு நான் தயாராகப் போனேன்.

"என்ன குற்றம் கண்டீர்?" என்று கேட்டார் மேஜர்.

"விசில் ஊதும்போது கண்ணை மூடிக்கொள்கிறார், சார்." அது முழுப் பொய்.

கமிட்டிக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்ல முடியாது. "இந்த ஊர்க்காரர்களைப் பற்றி நான் நினைத்ததும் அதுதான்" என்றார் மேஜர். திருத்திக்கொள்ளக்கூடிய குற்றம்தான் என்று பேசி முடித்து, வாத்தியாரை இரண்டாம் வகுப்புக்கு உயர்த்தினார்கள். கூடவே, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஊதும்படி ஒரு புத்திமதியும் போயிற்று.

மறுநாள் காலை வாத்தியார் என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார்.

"நான் கண்ணை மூடுகிறேன் என்று நீங்களா சொன்னீர்கள்?"

"உங்களை மேலே தூக்கிவிடத்தான் சொன்னேன், மொஷாய். வேறு வழியில்லை."

"நான் மூடுவதில்லை."

"எனக்குத் தெரியும்."

"அப்படியானால் மூன்றாம் வகுப்பிலேயே விட்டிருக்க வேண்டும்" என்றார். "அங்கே நான் குற்றமில்லாதவனாக இருந்தேன்."

மனைவி காப்பி டம்ளரோடு வந்து நின்றாள். அவர் அவளுக்கு மட்டும் வணக்கம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"நீங்க நல்லதுதானே பண்ணினேள்? ஏன் இப்படிக் கோச்சுக்கறார்?" என்று கேட்டுவிட்டு, அந்தக் காப்பியை அவளே குடித்தாள்.

அதன் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து விசிலை வாயில் வைத்தாரானால் இரண்டு விழிகளும் பிதுங்கும்படி திறந்துகொண்டு, குற்றம் செய்தவனை விட்டுவிட்டுப் பார்வையாளர் பக்கம் திரும்பி, குறிப்பாக நான் எங்கே இருக்கிறேன் என்று தேடிப் பார்த்துக்கொண்டே ஊதுவார். அந்தப் பார்வையைக் கண்டு மைதானமே மிரண்டது. பட்டாளத்துச் சிப்பாய்கள்கூட எதிர்ப்பேச்சு இல்லாமல் பின்வாங்கினார்கள். கமிட்டி அதைக் கண்டு மெச்சி, அவரை முதல் வகுப்புக்கு உயர்த்தியது. அடுத்த கேடய ஆட்டத்தில் அவர் கையிலும் ஒரு கொடியைக் கொடுத்தார்கள்.