செருப்போடு மட்டையையும் வைக்கச் சொன்னவர்

கடையில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பரமேஸ் அக்கா போய்விட்டார். லண்டன் வால்தம்ஸ்டோவில் எனக்குப் பக்கத்துக் கடையில் தையல் தைத்தவர். அழுகைக்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. கோயில் மண்டபத்தில் அடுத்த கூட்டம் வரப்போகிற இந்த நேரம் பார்த்தா போகவேண்டும்?

அவரை அறிந்தவர்களுக்கு அங்கே நடந்த முதல் கூட்டம் நினைவிருக்கும். வெளிநாட்டுக்காரரை விரட்டப்போவதாக ஒரு கும்பல் எங்கள் தெருவுக்கு நாள் குறித்திருந்தது. பொலிஸ் வருமென்று எவருக்கும் நம்பிக்கை இல்லை. காவல்குழு அமைக்கக் கூடிய கடைக்காரர்கள் பலர் கிரிக்கெட் மட்டையும் இரும்புக் கம்பியுமாக வந்தார்கள். அக்கா வாசலில் மறித்தார்.

“செருப்போட சேர்த்து அதையும் வெளியில வையுங்கோ. கோயிலுக்குள்ள கொண்டுபோக ஏலாது.”

முணுமுணுத்தபடி வைத்தார்கள். “அவங்கள் அடிக்க வந்தா என்ன செய்யிறது, அக்கா?” என்று நான் கேட்டேன்.

“எல்லாரும் தெருவில நிற்பம், வெறுங்கையோட. இலங்கையில சண்டை நேரம் எங்களைக் காக்கவெண்டு துவக்குத் தூக்கின பொடியள் பிறகு அதை ஆருக்கு நீட்டினவங்கள்? என்ர தம்பியை ஆர் கொண்டுபோனது?”



அந்த நாளில் தெரு நிறைய நின்றோம். வெள்ளைக்கார அயலவர்களும் வந்து நின்றார்கள். கும்பல் தூரத்தில் நின்று கத்திவிட்டுக் கலைந்தது. எங்கள் காவல்குழுதான் கலையவில்லை. கறுப்பு ஜாக்கெட் தைப்பித்துப் போட்டுக்கொண்டு, மட்டைகளோடு ரோந்து போனார்கள். ஜாக்கெட் தைக்க அக்கா மறுத்துவிட்டார். வேறிடத்தில் தைத்தார்கள்.

பிறகு ஒருநாள், எங்கள் தெருவிலேயே குடியிருந்த சாப்பாட்டு டெலிவரிக்காரர் ஒருவரை அந்தக் கும்பலின் உளவாளி என்று பிடித்து அடித்தார்கள். வேலியே பயிரை மேய்ந்தது. அக்கா நடுவில் பாய்ந்தார். கம்பி அவருடைய மணிக்கட்டை முறித்தது. அடித்தவர்களின் பெயர்களை அவர் பொலிஸில் சொன்னார். “எங்கட ஆக்களைக் காட்டிக்குடுக்கலாமோ?” என்று குழுக்காரர் வந்து கேட்டார்கள்.

“அடி வாங்கினவனும் எங்கட ஆள்தான்” என்றார் அக்கா.

பலர் அவரிடம் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். முறிந்த கை பழையபடி வளையவேயில்லை. ஆனாலும் கடை தினமும் திறந்தது.

வீட்டுக்கு அக்காவின் சவப்பெட்டி வந்த அன்று அதே குழு ஜாக்கெட்டோடு வந்து நின்றது. பெட்டிக்கு இரு பக்கமும் காவல் நிற்கப்போகிறார்களாம். மரியாதையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் போய் நின்றேன்.

“ஜாக்கெட்டைச் செருப்போட கழற்றி வைச்சிட்டு வாங்கோ.”

இருவர் கழற்றிவிட்டு உள்ளே வந்து அழுதார்கள். மற்றவர்கள் முறைத்துவிட்டுப் போனார்கள். போகட்டும்.

அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த வாசல். அடுத்த கூட்டத்திலும் கோயில் வாசலில்தான் நிற்பேன். நீங்களும் வாருங்கள். வெறுங்கையோடு வாருங்கள்.