கழிவு போக எத்திராஜ் மாமா

என் அக்கா சுலோசனாவின் புருஷன் எத்திராஜ் மாமா, சித்தூர் வெல்ல மண்டியில் எடை போடுகிறவர். இதைச் சொன்னாலே அவரைப் பற்றிப் பாதி சொன்ன மாதிரி. மீதிப் பாதி அவருடைய வாய். தட்டில் மூட்டை ஏறியதும் ராகம் போட்டு எடையைக் கூவுவார். மூட்டையை எண்ணும்போது முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்பார். அந்த லாபம் யாருக்கு என்பது வெல்லம் கொண்டுவந்த குடியானவனுக்கு நன்றாகத் தெரியும்.

எடையில் கழிவு பிடிப்பதில் மாமாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. சாக்குக்கு ஒரு கழிவு, தூசிக்கு ஒரு கழிவு. வெல்லத்தை அழுத்திப் பார்த்து விரல் பதிந்துவிட்டால், "ஈரம் கீது" என்று இன்னொரு கழிவு. எல்லா மண்டியிலும் உள்ள வழக்கம்தான், ஆனால் மாமாவின் விரல் எந்த வெல்லத்திலும் பதியும். அதே மண்டியில் மூட்டைக்கு நம்பர் எழுதுகிற எனக்கு அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

அது ஐம்பத்தொன்பதாம் வருஷம், மாநில எல்லை பிரிக்கிற சமயம். திருத்தணி எந்தப் பக்கம் போகும், புத்தூர் தாலுகாவில் எந்தெந்த ஊர் போகும் என்று டீக்கடைக்கு டீக்கடை வாய்ச்சண்டை. மாமா நகரிக்காரர், அந்த இழுபறியில் அவர் ஊரும் உண்டு. காலை டீக்கு உள்ளே போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். அப்படி ஒருநாள் சண்டை உச்சத்தில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. பிழைத்ததே பெரிய விஷயம்.

டாக்டர் தாமோதரன் அவரை உப்பு, சுருட்டு, எல்லைப் பிரச்சினை மூன்றையும் விடச் சொன்னார். முதல் இரண்டை மாமா முனகிக்கொண்டே விட்டார். மூன்றாவது காதில் விழாமல் அக்கா பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குப் பேப்பர் வருவதே நின்றுபோயிற்று.

மாதம் ஒருமுறை டாக்டரிடம் போக வேண்டும். கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பார், குழாய் வைத்து நெஞ்சைக் கேட்பார், நாடி பிடிப்பார். "நடுவுல எனக்கு எடை தெரியணும். சனிக்கிழம காலைல வெறும் வயித்துல நிறுத்துப் பாத்து சொல்லியனுப்புங்க. இதயம் சோர்ந்தா உடம்புல தண்ணி நிக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி அது தராசுக்குத் தெரியும். ரெண்டு வீசை ஏறிச்சின்னா அன்னிக்கே வந்துடணும், ஆலஸ்யம் கூடாது" என்றார்.

தராசுக்கா பஞ்சம்? சனிக்கிழமை தோறும் மண்டி திறக்கும் முன்னால் மாமா முழங்காலைக் கட்டிக்கொண்டு தட்டில் உட்காருவார். கூலியாள் எதிர்த்தட்டில் கல் வைப்பான். மாமா தன் எடையைத் தானே கூவுவார். "ஆறு மணங்கே, ஆறு." எட்டு வீசை ஒரு மணங்கு; ஆறு மணங்கு என்றால் இன்றைய கணக்கில் அறுபத்தெட்டு கிலோ. அதை நான் டாக்டரிடம் சொல்லிவிட்டு, அப்படியே அக்காவிடமும் சொல்வேன். அந்த ஆறு காதில் விழுந்த பிறகுதான் அக்கா அடுப்பைப் பற்றவைப்பாள். அதுவரை பச்சைத்தண்ணீர்கூட குடிக்கமாட்டாள்.

ஒருநாள் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "உங்க மாமாவுக்குச் செருப்பு நுழைய மாட்டேங்குதுடா. படுத்தா மூச்சு வாங்குது, ரெண்டு தலகாணி கேக்கறாரு. கேட்டா, எடை ஏறலியே, உனக்கின்னா தெரியும்னு என் மேல பாயறாரு."

"தராசு பொய் சொல்லாதுக்கா" என்றேன். தராசு சொல்லாதுதான்.

அடுத்த சனிக்கிழமை கங்காதர நெல்லூர் முனிரத்தினம் விடியும் முன்பே வண்டியில் வெல்லம் ஏற்றிக்கொண்டு வந்து காத்திருந்தார். மாமாவிடம் வருஷக்கணக்கில் கழிவு கொடுத்து வயிறெரிந்தவர். மாமா தட்டில் ஏறி உட்கார்ந்து, "ஆறு மணங்கே, ஆறு" என்று கூவினார்.

முனிரத்தினம் எதிர்த்தட்டை எட்டிப் பார்த்தார். "யோவ் எத்திராஜு, ஆறு மணங்கு சரி. அதுக்கு மேல மூணு வீசைக் கல்லு உக்காந்துகினு கீதே, அது இன்னா விருந்துக்கு வந்திச்சா?"

"அது கழிவு" என்றார் மாமா.

"எதுக்குக் கழிவு?"

"வேட்டிக்கு ஒரு வீசை. ஈரத்துக்கு ரெண்டு."

"இன்னா ஈரம்?"

மாமா காலை நீட்டினார். "கால்ல கொஞ்சம் தண்ணி கீது. அது என் எடை இல்லியே. நியாயமா கழிக்கணும்ல."

முனிரத்தினம் குனிந்து, கட்டைவிரலால் அந்தக் காலை அழுத்தி எடுத்தார். பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. கூலியாட்கள் யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கல்லை எட்டிப் பார்க்காமல் இந்த மனுஷனுடைய பொய்யைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் டாக்டர் வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். "மாமா, உனக்கு மூளை கீதா, இல்ல அதுலயும் கழிவு புடிச்சிட்டியா? எந்தத் தண்ணிய டாக்டர் கேக்கறாரோ அதையே கழிச்சிட்டு வந்து உக்காந்துகினு கீறியே" என்று கத்தினேன்.

மாமா தட்டை விட்டு இறங்கவில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். "பயமா கீதுடா மச்சான். எங்க நைனாவுக்கும் இப்படித்தான். கால் வீங்கிச்சு, வவுறு வீங்கிச்சு, அந்த மாசமே பூட்டாரு. முழு எடையக் கூவிட்டேன்னா அப்பறம் உங்கக்கா மொகத்த எப்படிடா பாக்கறது?"

அந்தக் குரலைக் கேட்டதும் என் கோபமெல்லாம் வடிந்துபோயிற்று. முனிரத்தினம்தான் பேசினார்.

"நீ பூட்டா எனக்கு இன்னா லாபம் சொல்லு. உன் எடத்துல எவனாவது நல்லவன் வந்து உக்காந்துக்குவான். அவன்கிட்ட நான் இன்னான்னு சண்ட போடறது? ஒழுங்கா முழு எடையக் கூவு."

மாமா கூவினார். ராகம் பாதியில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி பிடித்தார். "ஆறு மணங்கே, மூணு வீசை." வெல்லத்தை அப்படியே இறக்கிப் போட்டுவிட்டு, முனிரத்தினத்தின் வண்டியிலேயே அவரை டாக்டரிடம் கொண்டுபோனோம்.

டாக்டர் அவரைத் தெலுங்கில் பாதி, தமிழில் பாதி திட்டினார். நீர் பிரிய ஊசி போட்டார். அன்று முழுக்க மாமா கொல்லைப்பக்கமும் கட்டிலுமாக நடையாய் நடந்தார். நடுவில் என்னைப் பார்த்து, "பாத்தியா, ஈரம்னு சொன்னேன்ல" என்று பெருமை வேறு. கட்டிலோடு கவிழ்த்துவிடலாமா என்றிருந்தது.

அதன்பிறகு எடை பார்க்கிற வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். பெண்பிள்ளைகள் வராத மண்டிக்குள் சனிக்கிழமை தோறும் வந்து நின்று, கல்லைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் போவாள். மாமாவின் கால் மெல்ல மெல்ல வற்றியது. கடைசியில் டாக்டர், அரை நாள் மட்டும் மண்டிக்குப் போய் உட்காரலாம் என்றார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவோ, அவர் கிளம்பிப் போன அன்று காலையிலிருந்து வாசலுக்கும் அடுப்புக்குமாக அலைந்தாள்.

மத்தியானம் நான் முந்திக்கொண்டு வந்தேன். அக்கா தெருமுனைக்கே வந்து நின்றிருந்தாள்.

"இன்னாடா ஆச்சு?"

"மாமா, முனிரத்தினம் வெல்லத்துல ஈரம் கீதுன்னு கழிவு புடிச்சிட்டாருக்கா. ரெண்டு பேருக்கும் பெரிய சண்ட. தெருவே கூடிடுச்சு."

அக்கா என் கையைப் பிடித்தாள். "மூச்சு வாங்கிச்சா?"

"அவருக்கு வாங்கலக்கா. நின்னுகினே கத்தனாரு. முனிரத்தினத்துக்குத்தான் வாங்கிச்சு."

மாரடைப்பு வந்த அன்றுகூட அழாதவள், அங்கேயே தெருவில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, உப்பில்லாத குழம்பைச் சுடவைக்க உள்ளே போனாள்.