தியேட்டர் வாசலில் ஒரு டிராகன் கதை

தர்மபுரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒருவரைப் பார்த்தேன். வேட்டியில் தக்காளிக் கறை, கையில் டிராகன் அட்டை போட்ட தடித்த படக்கதைப் புத்தகம். நாலு பக்கம் படிப்பார், எழுந்து நடப்பார், மறுபடி உட்கார்ந்து படிப்பார்.

"புக்கு யாரோடதுங்க?" என்றேன்.

"பொண்ணோடதுங்க, பத்தாவது படிக்கிறா. பாதி படிக்கையில உள்ள கூட்டிட்டுப் போய்ட்டாங்க. முழிச்சதும் மீதிக் கதைய நான் சொல்லணுமாம். இப்ப என்னாலயே கீழ வைக்க முடியலீங்க."

கடைசிப் பக்கத்தில் அவர் முகம் வாடியது. அதற்குள் நர்ஸ் எட்டிப் பார்த்து, "பொண்ணு நல்லாருக்கா, முழிச்சிட்டா, வாங்க" என்றார்.

நாலு எட்டு ஓடியவர் திரும்பி வந்து புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "டிராகன் செத்துப்போவுதுங்க. இத வச்சிக்கங்க, நானே வேற முடிவு சொல்லிக்கறேன்."

என்ன முடிவு சொன்னாரோ, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.